ஒன்று கவணில், நான்கு பையில்

"ஒருத்தருக்கு ரெண்டு மேகசின்தான் உபரியா? பிரதர் லானி, நாம ஆண்டவரோட வீட்டைக் காக்கறோம். அணில் வேட்டைக்குப் போகல."

வெண்டல் டாக்கெட் வெள்ளைப் பலகையில் இருந்த '2'-ஐ உள்ளங்கையால் அழித்தார். லாரல் ஃபோர்க் ஊர்த் திருச்சபையின் பாதுகாப்புக் குழுத் தலைவர். முப்பது வருடம் டயர் கடை வைத்திருந்தவர். கடையை விற்ற பிறகு, எட்டுப் பை வைத்துத் தைத்த பழுப்பு மேலங்கி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நடையும் தளபதி நடையாகிவிட்டது.

சபையின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைக் காலை உணவு. ரொட்டியும் சாசேஜ் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. மேஜையைச் சுற்றிக் குழுவின் மற்ற மூவர்: லானி, டெல்பர்ட், வெர்னா. ஆண்களின் பிஸ்டல் இடுப்பில், வெர்னாவுடையது கைப்பையில். பிஸ்டலில் இருக்கும் குண்டுகள் தீர்ந்தால் மாற்றிச் செருக, குண்டு அடைத்த மேகசின் ஆளுக்கு எத்தனை கையிருப்பு வேண்டும்? ஒன்றரை மணி நேரமாக இதுதான் விவாதம். ஓரத்து நாற்காலியில் பாஸ்டர் ஹாலிஸ் இரண்டு தரம் வாயைத் திறந்து, இரண்டு தரமும் மூடிக்கொண்டார்.

"நாலு மாட்டினா என் பேண்ட் நிக்காது வெண்டல்," என்றார் லானி.

"இப்ப மட்டும் நிக்குதாக்கும்!" என்றாள் வெர்னா. "அது இறங்கறதைப் பார்த்தாலே எதிரி ஓடிருவான். குண்டு மிச்சம்."

டெல்பர்ட் சிரிக்கவில்லை. "உங்களுக்கெல்லாம் பதினஞ்சு குண்டு பிடிக்கும். என்னுது பழசு, ஏழுதான். எனக்கு ரெண்டு மடங்கு மேகசின் வேணும்."

"புதுசு வாங்கேன்யா," என்றார் லானி.

"இதை விட்டா வேற எதுலயும் எனக்குக் குறி விழாது."

"இதுல எப்ப விழுந்துச்சு?"

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நாளைக்குத் தலைமையிடத்துலேர்ந்து மேற்பார்வையாளர் வர்றார், ஞாபகம் இருக்கா? ஆராதனையில உட்கார்ந்து பார்த்துட்டு, இந்தச் சபையை நடத்தலாமா, மாசக் கடைசியில இழுத்துப் பூட்டிடலாமான்னு முடிவு பண்ணப்போறார். இங்கே எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"அதுக்குத்தானே பாஸ்டர் இவ்வளவு ஏற்பாடும்!" என்றார் வெண்டல். " இருநூறு பேர் உட்கார்ற கூடம். இப்படி ஒரு காவல் இந்தச் சுற்றுவட்டாரத்துல எந்தச் சபையில இருக்கு? மனுஷன் அசந்துடுவார். மார்ச் மாசம் டயப்பர் பையைத் திறந்து காட்ட மாட்டேன்னு ஒருத்தி அடம் பிடிச்சாளே, படியேற விட்டோமா?"

"அது மேரிபெத். நான் ஞானஸ்நானம் கொடுத்த பொண்ணு," என்றார் பாஸ்டர் மெல்ல. "அப்புறம் அவ வரல. அவளைப் பெத்தவங்களும் வரல."

"சட்டைக்குள்ள கையை விட்டாரே பெரியவர் பர்விஸ்," டெல்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார், "சரளைக்கல்லுல குப்புறப் படுக்க வெச்சேனே!"

"ஆக்சிஜன் குழாய் நழுவிடுச்சு. அதைச் சரி பண்ணினார்."

"சொல்லிட்டுப் பண்ணணும் பாஸ்டர்."

வெண்டல் பேனா மூடியால் பலகையைத் தட்டினார். "வேதத்துலயே பதில் இருக்கு. ராட்சசன் கோலியாத்தை விழத்தட்ட ஒரே கல்லு போதும். அப்புறம் தாவீது ஏன் ஆத்துல அஞ்சு கூழாங்கல்லு பொறுக்கினான்? ஒண்ணு கவண்ல, நாலு பையில! நாலு உபரி. இது என் கணக்கு இல்ல, ஆண்டவர் கணக்கு."

மேஜை "ஆமென்" என்றது.

"கல்லு பொறுக்கறதுக்கு முன்னாடி, போட்டிருந்த கவசத்தையும் வாளையும் தாவீது கழட்டிப் போட்டான்," என்றார் பாஸ்டர். "அதுவும் அதே அதிகாரத்துலதான் இருக்கு."

அந்த வசனம் யார் காதிலும் ஏறவில்லை. நான்கு கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. வெர்னா கைப்பையைத் திறந்து பார்த்தாள். நான்கு மேகசினுக்கு இடம் போதவில்லை. பைபிளை எடுத்து வெளியே வைத்தாள். இப்போது நான்கும் அடங்கின.

வெண்டல் நாளைய பொறுப்புகளை எழுதினார். தலைவாசலில் அவரே. வண்டி நிறுத்துமிடத்தில் லானி. பின்வாசலில் டெல்பர்ட். பக்கக் கதவில் வெர்னா. "வழக்கமான விதிதான். ஆராதனை முடியற வரைக்கும் கண்ணு ரோட்டுமேல. ஒருத்தரும் உள்ளே திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆபத்து வெளியிலேர்ந்துதான் வரும்."

பாஸ்டர் எழுந்து நின்றார். "ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக்கு ஒரு நாள், உங்கள்ல ஒருத்தராவது பிஸ்டலை வீட்டுல வெச்சுட்டு, உள்ளே வந்து முதல் பெஞ்சுல உட்காருங்க."

"வாய்ப்பே இல்ல பாஸ்டர். ஒருத்தர் நகர்ந்தாலும் காவல்ல ஓட்டை விழும்." வெண்டல் சிரித்தார். "உள்ளே உட்காரத்தான் சபை ஜனங்க இருக்காங்களே!"

வெர்னா மேஜையில் விட்ட பைபிளைப் பாஸ்டர் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஜூன் மாசத்துலேர்ந்து, வெண்டல், சபை ஜனங்கன்னா நீங்க நாலு பேர்தான்."