நாலு மணி நேரம்

"இது பியானோவா, பாறாங்கல்லா?"

பேராசிரியை போட்ட சத்தத்தில், அரங்கில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மணி இரண்டு. ஏழு மணிக்குக் கச்சேரி. அவர் மேடையேறி முப்பத்தைந்து வருடம் ஆனதற்காக இசைக் கல்லூரி எடுக்கும் விழா. ஒத்திகையில் இரண்டாவது பக்கத்திலேயே விரல் தடுக்கியது. மூன்றாவது பக்கத்தில் மோதிர விரல் கட்டையை அழுத்தவே மறுத்தது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு மேடம்? ரெண்டே மணி நேரத்துல முடிச்சுட்டேன்" என்றார் புதிதாக வந்திருந்த ட்யூனர் அம்மாள்.

ரெண்டே மணி நேரம். பேராசிரியை ஆசைப்பட்டது அதற்குத்தான்.

பழைய ட்யூனர் பியானோவுக்குச் சுருதி சேர்க்க நாலு மணி நேரம் எடுத்துக்கொள்வார். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்ததே பேராசிரியைதான். வேலை முடிந்தாலும் போக மாட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒத்திகை முடியும்வரை இவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பேராசிரியைக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் மாணவர்கள் முன்னாலேயே வெடித்துவிட்டார். "இந்த ஆமை இருந்தா நான் வாசிக்க மாட்டேன்" என்று பிரின்சிபலிடம் ஒற்றைக் காலில் நின்று ஆளை மாற்ற வைத்தார். பழையவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

"போற போக்குல வேணும்னே கெடுத்துட்டுப் போயிருக்கார். இன்னிக்கு நாலு பேர் முன்னாடி என் மானம் போகணும், அதானே?"

"கெடுத்துதான் வச்சிருந்தார் மேடம். நான் சரி பண்ணிட்டேன்."

"என்ன பண்ணியிருந்தார்?"

"எண்பத்தெட்டு கட்டையிலயும் முன்பக்கம் சின்னச் சின்னதா ஈயத்துண்டு ஒட்டியிருந்தார். அப்படி வச்சா தொட்டாலே கட்டை இறங்கிடும். எல்லாத்தையும் பிரிச்செடுத்து டப்பாவுல போட்டுட்டேன். இப்பதான் பியானோ கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரி இருக்கு."

"என்னைக் கேக்காம எதுக்கு ஒட்டினாராம்?"

"நோட்டுல எழுதியிருக்கார் மேடம்."

பியானோவுக்குள்ளேயே இருக்கும் பராமரிப்பு நோட்டு. பேராசிரியை வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. 'ஒத்திகையில் மேடத்தின் மோதிர விரல் திணறுகிறது. வலது பக்கம் லேசாக்கினேன்.'

அடுத்தடுத்து ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வரி. கடைசியாகப் போன மாதம்: 'இரண்டு கையும் சோர்கிறது. எல்லாக் கட்டையையும் மறுபடி எடை பார்த்து ஒட்டினேன். மேடம் வீட்டுப் பியானோவிலும் இதே அளவு. மேடத்துக்குத் தெரிய வேண்டாம்.'

'அறுபதிலும் இருபது வயது விரல்கள்' என்று பத்திரிகைகள் எழுதியதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் பேராசிரியை. இன்று காலைகூட ஒரு மாணவியை, "விரல்ல தெம்பில்லேன்னா எழுந்து போ" என்று வகுப்பிலிருந்து விரட்டியிருந்தார்.

முகம் குப்பென்று சிவந்தது. இத்தனை நேரம் ஊர் மேல் இருந்த கோபம் அத்தனையும் தன் மேலேயே திரும்பியது. போனை எடுத்தார்.

மறுமுனையில் பழையவர். "சொல்லுங்க மேடம்."

மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை.

"அந்த ஈயமெல்லாம்... ஒண்ணுகூடத் தொலையலை. டப்பாவுல பத்திரமா இருக்கு."

மறுமுனையில் கருவிப் பையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"இப்பவே கிளம்பறேன்" என்றார் அவர். "ஆனா நாலு மணி நேரம் ஆகும் மேடம். ஏன்னு பிரின்சிபல்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."