பரீட்சைக் கழுத்து

"தாஹிராம்மா கத்தி வெச்சா வெச்சிக்கட்டும். வேற யாரும் என் கழுத்தைத் தொடக் கூடாது, சொல்ட்டேன்."

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கெங்கம்மாவின் பேச்சு வார்டு முழுக்கக் கேட்டது. காசிமேட்டு மணலில் மீன் ஏலம் கூறிக் கூறித் தேறிய குரல். மாங்காய் அளவுக்குத் தொண்டையில் தொங்கிய கழலையால்கூட அதை அமுக்க முடியவில்லை. இப்போது அந்தக் கழலை மூச்சுக் குழாயை நெருக்க ஆரம்பித்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும்போது, பக்கத்தில் நூல் மாதிரி ஓடும் நரம்பில் கத்தி பட்டால் உயிர் தங்கும், குரல் தங்காது.

"இன்னாமே, அறிவு கீதா ஒனக்கு?" என்றான் புருஷன் வேம்பு. "ரகுபதி டாக்டரு தங்க மெடல் வாங்கினவரு. அவரே செய்றேன்றாரு. நீ இன்னாடான்னா..."

"மெடலை அவரு சட்டையில குத்திக்கட்டும். கொரலு போச்சின்னா, கூடைக்கு முன்னால குந்திகினு கையாலயா வெலை சொல்லுவேன்?"

"அதுக்குத்தானே நானும் சொல்றேன், பேஜாரு புடிச்சவளே."

கட்டிலருகே நின்றிருந்த ரகுபதி சிரித்தார். சட்டென்று கோபப்படுகிறவர் இல்லை. "நமக்குப் புதுப் பழக்கமா கெங்கம்மா? கடைசிப் பரீட்சையில எனக்கு வந்த கேஸே நீங்கதானே?"

உண்மைதான். டாக்டருக்குப் படிக்கிறவர்களின் கடைசிப் பரீட்சையில் நிஜ நோயாளிகளைப் படுக்க வைப்பார்கள். தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டு, என்ன நோய் என்று மாணவர்கள் அரை மணிக்குள் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பயந்து கழலையைச் சுமந்துகொண்டிருந்த கெங்கம்மா, 1950-லிருந்து நான்கு வருஷம் அங்கே போய்ப் படுத்திருக்கிறாள். "தண்ணியை முழுங்குங்க" என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, குடம் குடமாகக் குடித்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் அரை மணி. நான் அஞ்சே நிமிஷத்துல எழுந்து நின்னேன்," என்றார் ரகுபதி. "என்ன கழலை, எந்தப் பக்கம் பெரிசு, எத்தனை வருஷமா இருக்கு, ஒண்ணுகூடத் தப்பலை. புரொபசரே அசந்துட்டார்."

"ஞாபகம் கீது," என்றாள் கெங்கம்மா.

"அன்னிக்கு தாஹிராவுக்கும் நீங்கதான் கேஸ். என்ன ஆச்சுன்னு தெரியுமா?"

"அதை நானே சொல்லிடறேன்," என்றபடி உள்ளே வந்தாள் தாஹிரா. ராயபுரத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்த ஷாகுல் ஹமீதின் மகள். வேம்புவின் எதிரில் வந்து நின்றாள். "நான் ஃபெயில் அண்ணே. தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன், மணி அடிச்சிடுச்சு. பாதிதான் சொன்னேன்."

வேம்பு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆறு மாசம் கழிச்சுத்தான் பாஸ் பண்ணினேன். அந்த ஆறு மாசமும் பிணம் அறுத்துப் படிக்கிற கூடத்துல கழுத்தை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த நரம்பு ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி வளைஞ்சு ஓடுது. அதனால இன்னிக்கும் நான் மெதுவாத்தான் செய்வேன். ரகுபதி ஒரு மணியில முடிச்சா எனக்கு ரெண்டரை மணி ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க."

"கேட்டியாமே? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க," என்றான் வேம்பு. கண் கலங்கியிருந்தது. "ஒன்னை வெச்சு நடந்த பரீட்சையிலயே ஃபெயிலான கையில போய்க் கழுத்தைக் குடுக்கறேன்றியே, இன்னா தெகிரியம் ஒனக்கு?"

கெங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, ரகுபதியைப் பார்த்துப் பேசினாள்.

"கோச்சிக்காதீங்க டாக்டரே. பசங்க மெரண்டு போய் வருதுங்களேன்னு, நோவு பேரு, பக்கம், வருசம் எல்லாத்தையும் நாலு வருசமா அத்தினி பேரு காதுலயும் நான்தான் ஓதி உட்டேன், உங்க காதுலயும் சேத்து. இந்தப் பொண்ணு ஒண்ணுதான், 'சொல்லாதீங்கம்மா, நானே தொட்டுப் பார்த்துக்கறேன்'னு என் வாயைப் பொத்திச்சு."