பின்பக்கம் படிச்சீங்களா?

"அந்தத் தையல் மெஷினை முதல்ல இறக்கு!" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார் பின்பக்கம் சார்.

டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பது வருஷம் சீல் குத்தி ஓய்வு பெற்றவர். யார் விண்ணப்பத்தை நீட்டினாலும், "பின்பக்கம் படிச்சீங்களா?" என்பார். முழித்தால் போச்சு, மறுநாள் வரச் சொல்லிவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த முப்பது வருஷமும் உட்கார்ந்த இடத்திலேயே அவர் கண்ட கனவு, இதோ எடை மேடை மேல் நிற்கிறது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. வாங்கி ஏழு மாசமாகிறது. உள்ளே அலமாரி, திரைச்சீலை எல்லாம் பொருத்தி, இன்றைக்குத்தான் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். தெருவே கூடி வழியனுப்பியது.

டீசல் போடும் இடத்தில் ஒரு லாரி டிரைவர் சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தார். "உங்க கார் லைசென்ஸ் இதுக்குச் செல்லுமா சார்? இந்த நாட்டுல மூணரை டன்னுக்கு மேல போனா ஹெவி லைசென்ஸ் வேணுமே?"

பின்பக்கம் சார் அவசரமாக வண்டியைக் கிளப்பினார். நேராக எடை மேடைக்கு வந்தார். 3,670 கிலோ!

"ஏங்க, ஒரு விஷயம்..." என்றாள் மனைவி.

"விஷயமெல்லாம் அப்புறம். ஆறு மாசமா செவ்வாய்க்கிழமை தவறாம தையல் கிளாஸ் போனியே, ஒரு தலையணை உறை தச்சிருப்பியா? இதுக்கு மெஷின் வேற வாங்கிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

மெஷினை இறக்கினாள். அவளுடைய துணிப்பெட்டி, பாத்திர மூட்டை, மடக்கு நாற்காலி எல்லாம் இறங்கின. அவருடைய டூல் பாக்ஸ் மட்டும் இறங்கவில்லை. அவசரத்துக்கு உதவுமாம். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது அவருக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

3,480.

"பாத்தியா! எதுக்கும் மூளை வேணும்."

எடை மேடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நீங்க கீழ நிக்கிறீங்களே சார். அப்ப வண்டியை ஓட்டுறது யாரு?"

அசடு வழிந்துகொண்டே ஏறினார். 3,578.

"ஏங்க, நான் சொல்றதை..."

"கொஞ்சம் சும்மா இரேன்! என்னையே இறக்கி வைக்கணும் போலிருக்கு."

"உங்களை இறக்கினாலும் பிரயோஜனம் இல்லை சார்," என்றார் எடை மேடைக்காரர். "இப்ப எவ்வளவு கனம்கிறது பேச்சே இல்லை. அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு கதவோரத் தகட்டுல போட்டிருக்கே, 4,250, அதுதான் லைசென்ஸுக்குக் கணக்கு. விண்ணப்பத்துலயே அச்சடிச்சிருப்பாங்களே சார், பின்பக்கம்."

பின்பக்கம்!

எத்தனையோ ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பிய அந்தப் பின்பக்கத்தை, அவர் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. சீல் முன்பக்கத்தில் அல்லவா குத்த வேண்டும்! கவுன்ட்டரில் முழித்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து அவரைப் பார்த்துச் சிரித்தன.

துணிப்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம். எனக்கெல்லாம் எதுக்கு ஊர் சுற்றல்?"

"இப்பவாவது பேசலாமா?" மனைவி கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது உன் கார் லைசென்ஸ்தானே?"

"பின்பக்கம் படிங்க."

திருப்பினார். ஏழரை டன் வரை ஓட்டலாம். தேதி, போன மாசம்.

"எப்போடி?"

"வாங்கின அன்னிக்கே தகட்டைப் பாத்துட்டேன். சொல்லியிருந்தா அப்பவே திருப்பிக் கொடுத்திருப்பீங்க. முப்பது வருஷ ஆசையாச்சே!"

அவள் டிரைவர் சீட்டில் ஏறி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தாள்.

"அண்ணே, எல்லாத்தையும் திரும்ப ஏத்திடுங்க," என்றாள் எடை மேடைக்காரரிடம். "அந்தத் தையல் மெஷினை மட்டும் நீங்களே வச்சுக்குங்க. அதுல நூல் கோக்கக்கூட எனக்குத் தெரியாது!"