தகரப் பெட்டியில் பிளேடு

மூன்று நாள் தாடியை முந்தானையால் மூடிக்கொண்டு டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாள் ஏலவார்குழலி.

தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிள்ளையார்பாளையத்திலிருந்து காந்தி ரோட்டுக்கு வந்து, பட்டுக்கடை மாடியில் இருக்கும் இந்த லேசர் கிளினிக்கின் படியேறுவதற்குள் நாலு பேர் கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

மழிக்காமல் வரச் சொன்னது கிளினிக்தான். பிடுங்கக் கூடாது, நூல் போட்டு எடுக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, இரண்டு மூன்று நாள் வளர விட்டு வந்தால்தான் டாக்டர் முடியின் நிறம் பார்க்க முடியும் என்று போனில் பேசிய பெண் சொல்லியிருந்தாள்.

ஏகாம்பரநாதர் கோயில் அம்மனின் பேர் அவளுக்கு. மணக்கும் கூந்தலை உடையவள் என்று பொருள். அம்மனும் குறை வைக்கவில்லை. தலையில் கொடுத்ததோடு நிற்காமல் முகவாயிலும் தாராளமாகக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. கஸ்தூரி மஞ்சள், குப்பைமேனி எல்லாம் பூசிப் பார்த்துத் தோற்று, கடைசியில் பிளேடில் வந்து நின்றாள்.

வீட்டில் பிளேடுக்குப் பஞ்சமில்லை. புருஷன் வீரபாகுவின் தறிக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நாடா, ஊசி, மெழுகுத் துண்டு எல்லாம் போட்டு வைக்கிற பெட்டி. அதற்குள் எப்போதும் ஒரு பாக்கெட் பிளேடும் கிடக்கும். தறி வேலைக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வாள்.

விடிவதற்கு முன்னால், விளக்குப் போடாமல், கண்ணாடி இல்லாமல், விரலால் தடவித் தடவி மழிப்பாள். அவர் எழுந்திருக்கும்போது மஞ்சள் பூசிய முகம் தயாராக இருக்கும்.

அவருக்குத் தெரியக் கூடாது. வேறு எந்த வேண்டுதலும் அவளுக்கு இல்லை.

படுக்கையில் அவர் கை அவள் முகத்தை நோக்கி வரும். கன்னத்தைத் தொடுவதற்குள் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாயங்காலத்துக்குள் சொரசொரத்துப் போகிற முகவாயை எப்படிக் கொடுப்பது? தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், தாடிக்காரப் பெண்டாட்டி என்று தெரிவதற்கு அது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டாள்.

அவரும் ஒன்றும் கேட்டதில்லை. பேசாமல் கையை எடுத்துக்கொள்வார்.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று தறியில் சாய்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இப்போது பெங்களூரில் மகள் கலைவாணிக்கு மாதம் நெருங்கிவிட்டது. அம்மா வந்து கூட இருக்க வேண்டும் என்கிறாள். ஒற்றை அறை வீடு, மருமகன் வேறு இருப்பார். அதையாவது எப்படியோ சமாளிக்கலாம். பிறக்கப்போகிற குழந்தையைத் தூக்கிக் கன்னத்தோடு கன்னம் வைக்கும்போது இந்த முள் குத்துமே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் திரிஷாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். முந்தானையை விலக்கச் சொல்லி, முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி, விளக்கைத் திருப்பினாள். பழக்கதோஷத்தில் குழலியின் கை அந்த விரல்களைத் தட்டிவிடப் போய்ப் பாதியில் நின்றது.

“எல்லாமே நரைச்சிடுச்சுமா. லேசருக்குக் கருப்பு முடிதான் தெரியும். வெள்ளைய அதால ஒண்ணும் பண்ண முடியாது.”

இருட்டிலேயே மழித்தவளுக்கு நரைத்தது எப்படித் தெரியும்? டாக்டர் கொடுத்த கண்ணாடியில் முதல் தடவையாகத் தன் தாடியைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஒவ்வொரு வேரிலும் ஊசி விட்டு மின்சாரத்தால் எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, அதற்கு நரை தடையில்லை, ஆனால் சென்னைக்குப் போய்ப் போய் வர வேண்டும், முடிய ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்றாள் டாக்டர். ஒரு வருஷத்தில் குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிடும். குழலிக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பெண் முன்னால் அழுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் அழுதாள்.

டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அதுவரை மழித்துக்கொள்ளலாம், மழித்தால் அடர்த்தியாகும் என்பதெல்லாம் சும்மா என்றாள். பிறகு தாடையோரம் இருந்த கீறல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

“இத்தினி வருஷமா ஷேவ் பண்றீங்க, பழைய தழும்பு ஒண்ணுகூட இல்லையே. இந்த வெட்டெல்லாம் இப்ப வந்ததாம்மா?”

“அவரு போனதுலேந்து கை நடுங்குதுமா.”

டாக்டர் அவள் கையை வாங்கி விரித்து வைத்துப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. பிளேடு மழுங்கிப் போயிருக்கும், முன்பு போல அடிக்கடி புதிது மாற்றுங்கள் என்றாள்.

உண்மைதான். பெட்டியில் பிளேடு தீர்ந்துவிட்டது. கடையில் போய்க் கேட்க வெட்கப்பட்டு, கடைசிப் பிளேடையே கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் இருந்தவரை அந்தப் பெட்டியில் பிளேடு தீர்ந்ததே இல்லை.

தறி வேலைக்கு அவர் வாங்கி வைப்பார் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

தறிக்கு எதற்குப் பிளேடு?

நூல் வெட்டச் சின்னக் கத்தரி ஒன்று தறியிலேயே கயிற்றில் தொங்கும். பட்டுக்குப் பக்கத்தில் யாராவது பிளேடைக் கொண்டுவந்தால் சத்தம் போடுவார். சவரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பாதுரை சலூனுக்குப் போய்விடுவார்.

அந்த வீட்டில் பிளேடு தேவைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் கையை நீட்டியிருக்கிறார்.