பூக்கேட்ட நாள்

பூசாரி அங்கமுத்து இரண்டு இலைப் பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. வெள்ளை வந்தால் நான் தெலுங்குச் சீமைக்கு ஒரு கல்லூரியின் பிரின்சிபாலாகப் போகலாம். சிவப்பு வந்தால் சேலத்திலேயே லென்ஸைத் துடைத்துக்கொண்டு பௌதிகம் சொல்லித்தரலாம்.

நியூட்டனின் விதிகளை நடத்துகிறவன் இப்படிக் கைகட்டி நிற்பதை என் மாணவர்கள் பார்த்திருந்தால் அன்றைக்கே வக்கீல் படிப்புக்கு ஓடியிருப்பார்கள்.

என்ன செய்ய, வீட்டில் பேசித் தீரவில்லை.

சேந்தமங்கலத்துத் தோட்டம் என் மனைவி சென்னியம்மாளுக்கு அவள் அப்பா விட்டுப்போனது. நீர் இறைப்பதிலிருந்து கடலைக்காய் பிடுங்குவதுவரை அவள் பார்வைதான். அதை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கமாட்டாள்.

நானோ, "அந்த நாற்காலி யாருக்கு வேண்டும், ஆராய்ச்சி போய்விடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டு, அவள் பார்க்காத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று தலைப்பாகையை விதவிதமாகக் கட்டிப் பார்த்தேன்.

"அம்மனையே கேட்டுப்போடலாமுங்க" என்றாள். பொட்டலங்களையும் அவளே கட்டினாள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம். இரண்டிலும் சிவப்பையே வைத்திருப்பாள். வைத்தால் வைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அங்கமுத்து ஒன்றை எடுத்து நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

"போய்ட்டு வா சாமின்னு அம்மா உத்தரவு குடுத்துட்டா. இனி மறுபேச்சு இல்லீங்க" என்றார்.

பின்னாளில் துணைவேந்தர் பதவிவரை என்னைக் கொண்டுபோன உத்தரவு அதுதான். உழைப்பு என்று மேடைகளில் சொல்லிவைப்பேன்.

அந்த நேரத்தில் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். மனுஷி நேர்மையாகத்தான் கட்டியிருக்கிறாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

சென்னியம்மாள் திருநீறு பூசிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டியை நோக்கி நடந்தவள் பாதியில் திரும்பினாள்.

"ஏனுங்க, தெலுங்குல எருமைய என்னன்னு கூப்புடுவாங்க?"

"கேட்டுச் சொல்றேன் புள்ள" என்றேன்.

ஒரே ஒரு அளவை நம்பாதே என்பது ஆய்வுக்கூடத்துப் பழக்கம். அவள் வண்டியில் ஏறுவதற்குள், பூசாரி ஓரமாக ஒதுக்கிவைத்த மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளைதான்.