மிராசு திமிர்

“என் வீட்டுக்காரரு வாசல்லேர்ந்தே கும்பிட்டுக்கிட்டு வர்றாரு. உங்க வீட்டுக்காரருக்குத் தலை ஒரு இம்மி தாழலையே! கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறாரு. பொண்ணு குடுக்கிற எடத்துல இப்படியா மிராசு திமிரு காட்டுறது?”

கமலாம்பாள் கேட்டது கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நீடாமங்கலத்திலிருந்து வேனில் வந்து இறங்கி, கொடுத்த காபி இன்னும் ஆறவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

ஜெயபாரதியா விடுவாள்? கான்வென்ட் படிப்பு. யோசித்துப் பதில் சொல்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

“எங்க வீட்டு ஆம்பளைங்க அப்படித்தான் சம்பந்தி. எங்க மாமனார் கலெக்டர் வந்தாலும் நிமிர்ந்துதான் நிப்பாரு. அந்த ரத்தம். தப்பா எடுத்துக்கிட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

கமலாம்பாள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். ஆனாலும் பக்கத்திலிருந்த நாத்தனாரிடம், “பெரிய எடம்னா அப்படித்தான் போல” என்று முணுமுணுத்தாள். ஜெயபாரதிக்கு அது போதும்.

உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கணவர் தியாகேசன் சுவரோடு சுவராக நின்றிருந்தார். தோளிலிருந்து நழுவிய துண்டு காலடியில் கிடந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியாது. அவள்தான் எடுத்துப் போட்டாள்.

“மிராசு திமிராம். நல்லதாப் போச்சு. இதையே மெயின்டெய்ன் பண்ணுங்க.”

“எல்லார் முன்னாடியும் திமிர் பிடிச்சவன்னு பேர் வாங்கணுமா ஜெயா? உண்மையைச் சொல்லிடலாமே.”

“திமிர் பிடிச்ச வீட்டுல பொண்ணு எடுப்பாங்க. நோய் பிடிச்ச வீட்டுல எடுப்பாங்களா?”



தியாகேசனுக்கு வந்திருந்தது மூட்டுவாதத்தில் ஒரு வகை. முதலில் முதுகுத்தண்டில் அழற்சி. பிறகு அந்த இடத்திலெல்லாம் வேண்டாத எலும்பு முளைத்து, கணுவோடு கணு ஒட்டி, எக்ஸ்ரேயில் பார்த்தால் அப்படியே மூங்கில் கழி. ஊசி போட்டதில் வலி நின்றது. எலும்பு நிற்கவில்லை. கழுத்து வரைக்கும் ஏறிவிட்டது.

“ஏன் நிக்கலைன்னுதான் நாங்களே தேடிக்கிட்டிருக்கோம்” என்றார் தஞ்சாவூர் டாக்டர் ஷமீரா. அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாராம். “உங்க பொண்ணையும் ஒரு தடவை அழைச்சிட்டு வாங்க. பிள்ளைங்க எல்லாருக்கும் வரும்னு இல்ல. வந்திருந்தா, ஒரே எடத்துல உக்காந்தா, படுத்தா முதுகு விறைச்சுக்கும். நடந்தா விடும். சீக்கிரமே கண்டுபிடிச்சா இவ்வளவு தூரம் போகாம தடுக்கப் பார்க்கலாம்.”

“உங்க ஆராய்ச்சிக்கு என் பொண்ணு என்ன எலியா டாக்டர்?”

கேட்டுவிட்டு எழுந்து வந்தவள்தான் ஜெயபாரதி. அந்தப் பக்கம் பிறகு தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மகள் குந்தவையிடம்கூட, அப்பாவுக்குப் பழைய பைக் விபத்து என்றுதான் சொல்லிவைத்திருந்தாள்.

தியாகேசன் மெதுவாக, “குந்தவை தினமும் விடியக்காலையில கொல்லையில நடந்துக்கிட்டே இருக்கா, ஜெயா” என்றார்.

“மதிவாணன்கூட போன் பேசுறா. கட்டிக்கப் போறவன். பேசினா பேசிட்டுப் போறான்.”

“கையில போன் இல்லையே…”

“நல்ல நாளும் அதுவுமா ஏதாவது சொல்லணுமா? தட்டு மாத்துற நேரமாச்சு, வாங்க. நேரா நில்லுங்க.”

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. வேறு எப்படி நிற்பார்?

கூடத்தில் லக்ன பத்திரிகையை இழுத்து இழுத்து வாசித்தார்கள். ஜமுக்காளத்தில் சம்மணம் போட்ட குந்தவை, முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ஒரு கை மட்டும் இருந்தது. புடவைக் கொசுவத்தைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தாள் ஜெயபாரதி.

“மாமனார், மாமியார் கால்ல விழும்மா” என்றார் யாரோ ஒரு பெரியவர்.

குந்தவை தரையில் கையூன்றித் திரும்பி, அப்படியே நெற்றி தரையில் பட விழுந்தாள்.

கமலாம்பாள் முகம் மலர்ந்துபோனது. அட்சதையைத் தூவினாள். “நல்லா இரும்மா. எந்திரி.”

குந்தவை எழுந்திருக்கவில்லை.

“பார்த்தீங்களா சம்பந்தி! அப்பா மாதிரி இல்ல, வணங்கத் தெரிஞ்ச பொண்ணு. போதும்மா, எந்திரி கண்ணு.”

கூடமே சிரித்தது. ஜெயபாரதியும் சிரித்தாள். அப்போதுதான் மகளின் விரல்களைப் பார்த்தாள். ஜமுக்காளத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தன. உடம்பைத் தூக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி தூக்கப் பார்த்தன.

தியாகேசன் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினார். பாதி தூரம் இறங்கிய கை, அதற்கு மேல் இறங்காமல் அந்தரத்தில் நின்றது.

கமலாம்பாளின் சிரிப்பு மெல்ல வடிந்தது. அவள் பார்வை அந்தக் கையில் இருந்தது. பிறகு கீழே கிடந்த பெண்ணிடம் போனது. மறுபடி அந்தக் கைக்கு வந்தது.

ஜெயபாரதியின் இரண்டு கைகளிலும் தாம்பூலத் தட்டு. கீழே வைத்தால் எல்லாம் தெரிந்துபோகும். உதட்டில் சிரிப்பு அப்படியே இருக்க, நேராகச் சுவரைப் பார்த்து நின்றாள்.

“அம்மா… காலையில பிடிக்கிற மாதிரியே பிடிச்சுக்கிச்சும்மா. கையைக் குடேன்.”