படுக்க விடாதவள்

“எந்திரி. இல்லாட்டி பாயோட இழுத்து வெளிய போட்டுருவேன்.”

வாசலில் கால் வைத்த வெள்ளையம்மாவின் காதில் விழுந்த முதல் பேச்சே இதுதான். இடுப்பு பிடித்துக் கிடக்கும் தம்பியைப் பார்க்க, புளத்கொகுபிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்த ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஏறி வந்திருக்கிறாள். தம்பி ஐயாவு பாயில் சுருண்டு கிடந்தான். அவன் பெண்டாட்டி நிரோஷா தலைமாட்டில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

ரப்பர் பால் வாளியோடு மலையில் சறுக்கி விழுந்த மனுசன். அவனைப் போய் இப்படியா? அது நாக்கா, பால்வெட்டுக் கத்தியா?

ஐயாவு சுவரைப் பிடித்து எழுந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலி வரைக்கும் நடந்தான். நிரோஷா ஏசிக்கொண்டே, கைக்கெட்டும் தூரத்தில், பின்னாலேயே போனாள். அவன் தடுமாறினால் அவள் கை முந்திக்கொண்டு நீண்டது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா வெள்ளையம்மா இருந்தாள்? போதாக்குறைக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி வேறு வந்து, தினமும் இதே கூத்துதான், பகலில் கண்ணசந்தால்கூட இவள் விடமாட்டாள் என்று ஓதிவிட்டுப் போனாள்.

இருவரும் திரும்பி வந்ததும் வெள்ளையம்மா நிரோஷாவைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பாவுக்கு இடுப்பு போனப்ப கால் தரையில படாம பாத்தவ நான். சாகுற வரைக்கும் கட்டில விட்டு எறக்கல. நீயெல்லாம் பொம்பளையா?”

“அது ஒங்க வீடு, மதினி. என் வீட்டுல யாரும் படுத்துக் கெடக்க முடியாது.”

திமிரைப் பார். வெள்ளையம்மா கொடியில் கிடந்த தம்பியின் சட்டைகளை உருவிப் பையில் திணித்தாள். இவளிடம் விட்டுவிட்டுப் போனால் அப்புறம் பிணத்தைத்தான் பார்க்க வேண்டும். என்னோடு வா, மாசக்கணக்கில் படு, கஞ்சி வாய்க்கே வரும் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

நிரோஷாவின் முகத்தில் இப்போதுதான் பயம் தெரிந்தது.

ஐயாவு கையை விடுவித்துக்கொண்டான். எலும்பு எதுவும் உடையவில்லை, படுத்தே கிடந்தால்தான் இடுப்பு இறுகிப்போகும், வலித்தாலும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னான்.

“நடக்கச் சொன்னாருன்னா, அதுக்கு இவ நாயை வெரட்டுற மாதிரி வெரட்டணுமா?”

“வலிச்சா நான் படுத்துருவேன்க்கா. பாவம் பாக்காம ஏசுன்னு இவகிட்ட கெஞ்சுனதே நான்தான்.”